மெய்பிங்கா, யூஹூச்சுன்பிங்கா?

இரண்டுமே மதுவுக்காகப் பிறந்த சீனக் குடுவைகள். முன்னது சேமித்து வைக்க, பின்னது ஊற்றிக் கொடுக்க. மெய்பிங்குக்குச் சின்ன வாய், அகன்ற தோள், கீழே ஒடுங்கும் உடல்; ஓவியருக்குத் தாராளமான பரப்பு. 1392இல் இறந்த மிங் தளபதி மு யிங்கின் நான்ஜிங் கல்லறையில் கிடைத்த, மிங்குக்கு முந்தைய யுவான் வம்சக் காலத்து மெய்பிங்கில், கோபால்ட் நீலத்தில் ஒரு கதையே ஓடுகிறது: விலகிப் போகும் தளபதி ஹான் சின்னைத் திருப்பி அழைத்துவர, அமைச்சர் சியாவ் ஹெ குதிரையை விரட்டுகிறார்.

யூஹூச்சுன்பிங் பேரிக்காய் வடிவம். மெல்லிய கழுத்து, விரிந்த உதடு. வளைவின் அழகில் என் ஓட்டு இதற்குத்தான். கதையைவிடக் கொடிகளே இதற்குப் பொருத்தம். முதல் மிங் பேரரசர் ஹோங்வு காலத்துச் செம்புச் சிவப்புக் குடுவைகளில் கழுத்தில் வாழையிலை வரிசை, வயிற்றில் பூங்கொடி. ஆனால் செம்பு சூளையில் சொன்னபடி கேட்காது; சிவப்பு பல நேரம் சாம்பல் பூத்தே வெளிவந்தது.