ஜிஐஎஸ்ஸா, களமா: எம்.எஸ்சி. புவியியலில் விருப்பப் பாடம் எடுக்கும் முன்

எம்.எஸ்சி. புவியியல் முதல் செமஸ்டர் முடியும்போது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே கேள்வி. மிச்சமுள்ள விருப்பப் பாடங்களை முழுக்கத் தொலை உணர்வு (செயற்கைக்கோள் படங்களைப் படிப்பது), ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தரவுகளைக் கையாள்வது) என்றே எடுத்துவிடுவதா, இல்லை நீரியல், புவிப்புறவியல் (நிலத்தின் வடிவங்களைப் படிப்பது) என்று களத்தில் இறங்கும் பக்கம் போவதா? நான் ஜிஐஎஸ்ஸில் ஒரே ஒரு தாள் எடுத்துக்கொண்டு மற்றதைக் களத்துக்கு விட்டேன். இப்போது சித்தி மகள் அதே படிவத்தைக் கையில் வைத்திருக்கிறாள். அவளுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

வேலை என்று பார்த்தால் ஜிஐஎஸ் பக்கம் முதல் சம்பளம் சீக்கிரம் வரும். என் வகுப்புத் தோழிகளிடம் பார்த்தேன். நெட் தேர்வு (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) என்று பார்த்தால் பாடத்திட்டத்தின் 10 அலகுகளில் ஜிஐஎஸ் வரும் புவியியல் நுட்பங்கள் ஒரே அலகு. செலவு இரண்டிலும் பெரிதாக இல்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது மழை.

சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. இரண்டு வருடப் படிப்பில் அது இரண்டு முறைதான் வரும். முதல் மழை முதல் செமஸ்டரிலேயே வந்து போய்விடும். அப்போது நமக்கு இடங்களின் உயர வித்தியாசத்தை அளக்கும் லெவல் கருவியை நேராக நிறுத்தக்கூடத் தெரியாது. ஆய்வேடு எழுதுவது நான்காவது செமஸ்டரில். அப்போது ஏரி வற்றத் தொடங்கியிருக்கும், தெரு காய்ந்திருக்கும். ஆக, மூன்றாவது செமஸ்டரில் வரும் அந்த ஒரு மழைதான் நமக்கு மிச்சம். ஜிஐஎஸ்ஸை எந்த மாதத்திலும் வீட்டு லேப்டாப்பில் கற்கலாம். க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம், சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் கிடைக்கின்றன. மழையை அப்படி இறக்கிக்கொள்ள முடியாது.

செயற்கைக்கோள் படத்திலேயே வெள்ளத்தைப் பார்க்கலாமே என்று அவள் கேட்டாள். மழை நாட்களில் லேண்ட்சாட், சென்டினல்-2 படங்களைத் திறந்தால் பெரும்பாலும் மேகம்தான் தெரியும். சென்டினல்-1 ரேடார் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். ஆனால் நெருக்கமான தெருக்களில் கட்டடச் சுவர்கள் அலையைத் திருப்பி அடிப்பதால் வீடுகளுக்கு நடுவே நிற்கும் தண்ணீர் அதில் சரியாகச் சிக்காது. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் மாதிரித் திறந்த பரப்பில் நன்றாக வரும். வேளச்சேரியின் குறுக்குத் தெருவில் வராது.

உயரம் இன்னும் பெரிய சிக்கல். 1:50,000 டோப்போ ஷீட்டில் (அரசின் நில அளவை வரைபடம்) சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் இருக்கும். பரங்கிமலை மாதிரிச் சில மேடுகளை விட்டால் நகரத்தின் பெரும்பகுதி முதல் கோட்டுக்குக் கீழேயே அடங்கிவிடுகிறது. 2000 பிப்ரவரியில் 11 நாட்களில் விண்கலத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை எல்லோரும் பயன்படுத்துகிறோம். அதற்கு வகுத்திருந்த பிழை வரம்பே 16 மீட்டர். நடைமுறையில் அதைவிட நன்றாக வந்தாலும் கட்டட உயரமும் அதில் கலந்திருக்கும். எங்கள் தெருவில் யார் வீட்டில் தண்ணீர் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது சென்டிமீட்டர் கணக்கு.

எங்கள் வீடு சென்னைப் புறநகரான முடிச்சூரில். 2015 வெள்ளத்தில் நாங்கள் மாடியில் இருந்தோம். மூன்றாவது செமஸ்டரில் நானும் ஒரு தோழியும் டம்பி லெவலும் (தொலைநோக்கி வைத்த லெவல் கருவி) அளவு குறித்த ஸ்டாஃப் கட்டையுமாக அதே தெருவை அளந்தோம். தெருவின் கடைசிக்கும் சிறுபாலத்துக்கும் 40 சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அதுவும் பாலம்தான் மேடு. வீடு வீடாகப் போய், அன்றைக்குத் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று கேட்டோம். எதிர்வீட்டு அக்கா, "ஸ்விட்ச் போர்டுக்கு நாலு விரல் கீழ வரைக்கும்மா" என்றார். பக்கத்து வீட்டில் சாமி மாடத்தைக் காட்டினார்கள். இரண்டையும் லெவல் போட்டுப் பார்த்தபோது ஒரே மட்டத்துக்கு வந்தன, வித்தியாசம் 3 சென்டிமீட்டர்கூட இல்லை. சுவருக்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. அந்த அளவு அவர்கள் நினைவில் மட்டும்தான் இருந்தது. என் ஆய்வேடு அங்கேதான் பிறந்தது.

இன்னொரு காரணம் கொஞ்சம் உணர்ச்சி சார்ந்தது. இந்தியாவின் பெரும் முக்கோண அளவீடு 1802-ல் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் சங்கிலி போட்டு அளந்த அடிக்கோட்டிலிருந்துதான் தொடங்கியது. அந்த ஊரில் படித்துவிட்டு ஒரு தெருவைக்கூட அளக்காமல் பட்டம் வாங்க எனக்கு மனசு வரவில்லை.

இழந்ததும் உண்டு. பைத்தான் நிரல்மொழியில் நான் இன்றும் தடுமாறுகிறேன். தோழிகள் ஒரு மாலையில் முடிக்கும் நிலப்பயன்பாட்டு வரைபடம் எனக்கு ஒரு வாரம் எடுத்தது. களத்தில் நாள் முழுக்கக் கழிப்பறை கிடைக்காத அவதி பெண்களுக்குக் கூடுதல். ரயில் நிலையம், தெரிந்தவர் வீடு என்று முன்னாலேயே குறித்து வைத்துக்கொண்டுதான் கிளம்புவோம். மக்கள்தொகைப் புவியியலோ வட்டார வளர்ச்சியோ எடுக்க நினைப்பவருக்கு என் மழைக் கணக்கு பொருந்தாது. நான் ஆராய்ச்சிப் பக்கம் வந்துவிட்டேன். தனியார் நிறுவனங்களில் வேலை தேடியதில்லை. அதனால் அந்தப் பக்கத்து அனுபவத்தை அங்கே இருப்பவர்களிடம் கேட்பதே நல்லது.

அவளுக்கு நான் போட்டுக் கொடுத்த வரிசை: இரண்டாவது செமஸ்டரில் ஜிஐஎஸ் ஒரு தாள், மூன்றாவதில் நீரியலும் புவிப்புறவியலும். ஆகஸ்டிலேயே வழிகாட்டியிடம் தலைப்பைச் சொல்லிவிட்டு, செப்டம்பருக்குள் தெருவில் லெவல் குறிகள் போட்டுவிட வேண்டும். படிவம் கொடுக்கும் முன் துறைக் கிடங்கில் லெவல் கருவி எத்தனை இருக்கிறது, மட்டம் காட்டும் குமிழ் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொன்னேன். எங்கள் வருடம் இருந்த இரண்டில் ஒன்று பழுது. அது திரும்பி வருவதற்குள் அக்டோபர் மழை பாதி முடிந்திருந்தது.