புறாத்தீவுக்குப் போறாக்கள் சிங்க் ஒக்சைட் சன்கிறீம் வாங்கலாமோ? பாவிச்சுப் பாத்து எழுதுறன்

வாங்கலாம். புறாத்தீவு எண்டா திருகோணமலை நிலாவெளிக்கு முன்னால, முருகைக்கல் (பவளப்பாறை) பாக்கச் சனம் கடலுக்குள்ள இறங்கிற சின்னத் தீவு. நான் எடுத்தது டவுன்ல ஒரு பாமசியில, சிங்க் ஒக்சைட் எண்ட வெயில மறிக்கிற வெள்ளைத் தாதுப்பொடி 20 வீதம், எஸ்பிஎஃப் (வெயில் தடுக்கிற அளவு) 30, தண்ணியில 80 நிமிசம் நிக்கும் எண்டு போட்டிருக்கு, சின்ன டியூப்தான், விலை நாலாயிரத்துக்குக் கிட்ட. விலையக் கேட்டா நெஞ்சு அடைக்கும், அது உண்மை.

முதல்ல எங்கட தோலுக்கு எப்பிடி எண்டு சொல்லுறன், ஏனெண்டா கனபேர் இத ஒருக்காப் பூசிப்போட்டுத் தூக்கி எறியிறது அதாலதான். கிறீம் சரியான தடிப்பு, நேர முகத்தில வைச்சு இழுத்தா விபூதி பூசின மாதிரி வெள்ளையா நிக்கும். உள்ளங்கையில கொஞ்சமா எடுத்து ரெண்டு கையாலயும் தேய்ச்சு இளகவிட்டு, பிறகு ஒத்தி ஒத்திப் பூசினா அரைவாசிக்கு மேல குறையும், மிச்சம் கொஞ்ச நேரத்தில அடங்கிடும், ஆனா புருவத்திலயும் காது மடலிலயும் நிக்கிறது நிக்கும்தான். கறுப்புச் சட்டை போட்டா கழுத்துப் பட்டியில வெள்ளை பிடிக்கும், சோப் போட்டுத் தேய்க்கப் போகுது. காசு பாக்காட்டி ரின்ட் (தோல் நிறம்) போட்டத எடுங்கோ, அதில அயர்ன் ஒக்சைட் இருக்கு, அது கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தையும் கொஞ்சம் மறிக்கும், மங்கு விழுற முகத்துக்கு அதுதான் நல்லமெண்டு தோல் ஆராய்ச்சிகளிலயும் வந்திருக்கு.

கடலுக்குள்ள எனக்கு நல்லா வேலை செஞ்சுது. நிலாவெளிக் கரையில இருந்து ஒரு கிலோமீற்றர்தான் தீவு, ஆனா முகத்தத் தண்ணிக்குள்ள வைச்சு மிதக்கேக்க முதுகும் முழங்காலுக்குப் பின்பக்கமும்தான் வேகுறது, பூசின இடம் ஒண்டும் உரியேல்ல, கண்ணும் எரியேல்ல. தண்ணிக்குள்ள பாக்கப் போடுற கண்ணாடி மாஸ்க் விளிம்பில மட்டும் கிறீம் பட்டா தண்ணி உள்ள வரும், அதால மூக்குக்குக் கீழ மெல்லிசாப் பூசுங்கோ.

இனி ஏன் இவ்வளவு காசு குடுத்து இதையே வாங்கோணும் எண்டத்துக்கு வாறன். வழமையான சன்கிறீம் சிலதில ஒக்சிபென்சோன் எண்டு ஒரு கெமிக்கல் இருக்கும். 2022ல ஸ்டான்ஃபோர்ட் ஆக்கள் சயன்ஸ் சஞ்சிகையில ஒரு ஆய்வு போட்டவை, முருகைக்கல்லுக்குச் சொந்தக்கார உயிரினமான கடல் அனிமோனிய ஒக்சிபென்சோன் கலந்த உப்புத்தண்ணியில வைச்சு வெயில் மாதிரி வெளிச்சம் விட, 17 நாளுக்குள்ள எல்லாம் செத்துப்போச்சு, புற ஊதா வெளிச்சம் படாதது தப்பிச்சுது. எங்கட தோலை வெயில்ல இருந்து காக்கிற அதே சாமான அந்த உயிரினம் தன்ர உடம்புக்குள்ள குளுக்கோசோட சேத்து மாத்திறது, அப்பிடி மாறினது வெளிச்சம் பட்டா நஞ்சு. அதுக்குள்ள குடியிருக்கிற பாசிதான் அந்த நஞ்சின்ர கனக்கத்த உறிஞ்சி வைச்சிருக்கு, பாசி இல்லாம ஏற்கனவே வெளுத்தது இன்னும் கெதியாச் செத்தது. வெளுத்துப்போய் உயிருக்குப் போராடுற முருகைக்கல்லுக்கு மேல நாங்கள் எண்ணெயப் பூசிக்கொண்டு மிதக்கிறதெண்டா அது எனக்கு ஏலாது.

ஹவாய் 2021 ஜனவரியில இருந்து ஒக்சிபென்சோனோ, ஒக்டினொக்சேட் எண்ட இன்னொரு கெமிக்கலோ, ரெண்டில ஒண்டு இருந்தாலும் விக்கக்கூடாதெண்டு நிப்பாட்டிட்டுது, பலாவு எண்ட பசிபிக் தீவு நாடு அதுக்கு ஒரு வருசம் முந்தியே. நேர்மையாச் சொல்லோணுமெண்டா முருகைக்கல்ல அழிக்கிற பெரிய காரணம் கடல் சூடாகிறதுதான், சன்கிறீம் இல்ல, 2024ல உலகம் முழுக்க நாலாவது தரம் வெளுக்குதெண்டு அறிவிச்சவை. ஆனா கடல்ச் சூட்ட நான் ஒரு ஆளா நிண்டு குறைக்கேலாது, டியூப்ப மாத்தேலும். 1998ல தெற்கில ஹிக்கடுவப் பக்கம் பெரும்பாலும் வெளுத்துச் செத்த நேரமும் எங்கட திருகோணமலைப் பக்கம் தப்பி நிண்டது, அத நாங்கள் கவனமாப் பாக்கோணும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை புறாத்தீவின்ர அந்தச் சின்ன முருகைக்கல் பாரில எத்தினை சனம் இறங்குது எண்டு போய்ப் பாத்தாக்களுக்குத் தெரியும், கரையோரம் தண்ணிக்கு மேல எண்ணெய்ப் படை மினுங்கும்.

உடம்புக்கும் ஒரு விசயம். அமெரிக்காவின்ர உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்டிஏ 2019ல 24 பேர வைச்சுச் செய்த பரிசோதனையில ஒக்சிபென்சோன் மாதிரிச் சாமான்கள் ஒரு நாளைக்குள்ளயே ரத்தத்தில, இதுக்கு மேல போனா இன்னும் பரிசோதிக்கோணும் எண்டு அவை வைச்ச அளவுக்கு மேல காட்டினது, அதுக்காக சன்கிறீம விடவேண்டாம் எண்டும் அவையே சொன்னவை. சிங்க் ஒக்சைட்டும் டைட்டேனியம் டயொக்சைட்டும் மட்டும்தான் இருக்கிற தகவலோட பாதுகாப்பானதெண்டு ஏத்துக்கொள்ளலாம் எண்டதும் அந்த வருசம் அவை போட்ட யோசனைதான்.

கடையில முன்பக்கத்த நம்பாதேங்கோ. "ரீஃப் சேஃப்" (முருகைக்கல்லுக்குக் கேடில்ல) எண்டு போடுறதுக்குச் சட்டப்படி ஒரு வரையறையும் இல்ல. ஒரு கடையில முருகைக்கல் படம் போட்ட போத்தல் தந்தாங்கள், திருப்பிப் பாத்தா எத்தில்ஹெக்சைல் மெத்தொக்சிசினமேட் எண்டு கிடக்கு, அது ஒக்டினொக்சேட்தான். பென்சோஃபீனோன்-3 எண்டு இருந்தா அது ஒக்சிபென்சோன். ரெண்டும் இல்லாம, நானோ (மிகமிகச் சின்னத் துகள்) இல்லாத சிங்க் ஒக்சைட்டா எடுங்கோ.

கைநீளச் சட்டை ஒண்டும் போடுங்கோ, அப்ப முகத்துக்கும் கழுத்துக்கும் காலுக்கும்தான் கிறீம் தேவை, டியூப்பும் கனநாள் வரும். போட்கார அண்ணா சொன்னதையும் சொல்லுறன்: "தங்கச்சி, கிறீம் என்னதப் பூசினாலும் கால மட்டும் கல்லுக்கு மேல வைச்சிடாதேங்கோ." 

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒண்டு குறைச்சது விலைக்கு.