ரேகை விழாத அத்தையும் வீடு தேடி வந்த தபால்காரரும்

விக்கிரமசிங்கபுரத்தில் தனியாக வசிக்கும் அத்தைக்கு மூன்று மாதமாகப் பென்ஷன் வரவில்லை. மாமா பஞ்சாலையில் உழைத்ததற்கு வரும் பி.எஃப். குடும்ப ஓய்வூதியம், மாதம் 1000 ரூபாய். உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதாம். பழைய விபூதி டப்பாவில் இரத்த அழுத்த மாத்திரைகளைப் பாதி பாதியாக ஒடித்து வைத்திருந்தார். “ஒரு மாத மாத்திரை இரண்டு மாதத்துக்கு வரும்” என்றார். நான் அனுப்பும் பணத்தைத் தொடுவதில்லை. பென்ஷன்தான் அவருக்கு ‘மாமா காசு’.

அம்பையில் இருக்கும் வங்கிக்கு அழைத்துப் போனேன். ஆட்டோவுக்குப் போகவர 300 ரூபாய். பெருவிரல், ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி அழுத்தியும் ரேகை விழவில்லை. பீடி சுற்றியே தேய்ந்த விரல்கள்; எப்படி விழும்? “ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துவிட்டு வாருங்கள்” என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார் அந்த ஊழியர். 78 வயதுப் பெண்மணி எதிரே நிற்கிறார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆதார் மையத்திலோ சர்வர் வேலை செய்யவில்லை.

நான் வசிக்கும் கனடாவில் முதியோர் ஓய்வூதியத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலைவாசியோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். 75 வயதைத் தாண்டியவர்களுக்கு 2022 ஜூலையிலிருந்து 10 சதவீதம் கூடுதல். இங்கே 2014-இல் நிர்ணயித்த குறைந்தபட்ச பி.எஃப். ஓய்வூதியம் 1000 ரூபாய் அப்படியே நிற்கிறது. அரிசி விலையும் மருந்து விலையும் அப்படியா நிற்கின்றன? அந்த ஆயிரத்தை வாங்கவும் இத்தனை அலைச்சல்!

எதிர்வீட்டு அக்காதான் தபால் நிலையத்தில் சொல்லிப் பார்க்கச் சொன்னார். மறுநாளே தபால்காரர் வந்துவிட்டார். மணியார்டர் பணத்தைத் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக் கொடுத்த காலத்துத் தபால்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். இவர் கையில் செல்பேசி. “ஆச்சி, இதைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுங்கள்” என்றார். அத்தை வெட்கத்தோடு முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிமிட்டினார். சான்றிதழ் பதிவாகிவிட்டது! அப்போது அதற்குக் கட்டணம் 70 ரூபாய். காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவரை உட்கார வைத்துவிட்டேன்.

முகத்தைக் காட்டிச் சான்றிதழ் பெறும் வசதி பி.எஃப். ஓய்வூதியர்களுக்கு 2022 முதலே இருக்கிறது. அந்த வங்கியில் ஒருவருக்குமா தெரியாது? ரேகை விழாதவர்கள் தபால்காரரை அழைக்கலாம் என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தால் போதும், அத்தை மாத்திரையை ஒடித்திருக்க மாட்டார். நின்றுபோன மாதங்களின் பணமும் சேர்ந்து வருமாம். வந்ததும் முழு மாத்திரை போடுவதாகச் சொல்லியிருக்கிறார். எதிர்வீட்டு அக்காவிடம் கண்காணிக்கச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.