அம்மாவின் பட்டன் போனுக்கு எந்த ரீசார்ஜ்? புளியரையில் போட்ட கணக்கு

சிலிண்டர் கொண்டுவந்த தம்பி வாசலில் நின்று, "ஆச்சி, போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். அம்மா பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்திருக்கிறாள். எந்த நம்பரும் வரவில்லை. பேக் முடிந்து பல நாளாகி, வெளியே பேசுவதோடு உள்ளே வருவதும் நின்றுபோயிருந்தது. அது 28 நாள் பேக். திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு தேதியை மறந்தது நான்தான். பக்கத்து வீட்டு மதினி தன் போனிலிருந்து பேசி விஷயத்தைச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

அன்றைக்கு ராத்திரியே மூன்று பேருக்குக் கணக்குப் போட உட்கார்ந்தேன். புளியரையில் அம்மா, 74 வயது, பழைய பட்டன் போன். செங்கோட்டையில் மாமா, எது சிக்கனமோ அதுதான் அவர் கட்சி. மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் அத்தை. துபாய்ப் பேரனை வீடியோவில் பார்க்காவிட்டால் சோறு இறங்காது.

முதலில் 28 நாள் பேக். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் எல்லாம் விலையை ஏற்றிய பிறகு, ஏர்டெல்லில் குறைந்தபட்சப் பேக் 199 ரூபாய், ஜியோவில் 189 என்று ஆனது. மாதாமாதம் போடுவது மாதிரித் தெரியும். ஆனால் வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை அல்ல, பதிமூன்று தடவை போடவேண்டும். 199-ஐப் பதின்மூன்றால் பெருக்கினால் 2,587 ரூபாய். காசைவிட எனக்கு உறுத்துவது தேதி. பென்ஷன் ஒன்றாம் தேதி, பால் கணக்கு ஒன்றாம் தேதி, ரீசார்ஜ் மட்டும் மாதத்துக்கு மாதம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். வயதானவர்களுக்கு இது சரிப்படாது. 2022-இல் போன் கம்பெனிகளுக்கு விதி போடும் அரசு ஆணையமான டிராய் தலையிட்டு, 30 நாள் பேக் ஒன்றும் மாதாமாதம் ஒரே தேதியில் போடும் பேக் ஒன்றும் எல்லாக் கம்பெனியும் வைக்கவேண்டும் என்று சொன்னது. கடையில் நாமாகக் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

அடுத்தது, நெட் இல்லாமல் பேச்சுக்கு மட்டுமான பேக். அம்மாவின் போனில் நெட்டே கிடையாது. இத்தனை வருஷமாக 2 ஜிபிக்குக் காசு கட்டியிருக்கிறோம். 2024 டிசம்பரில் டிராய் போட்ட உத்தரவால்தான் இந்த வகைப் பேக் வந்தது. 2025 ஜனவரியில் ஏர்டெல் 469 ரூபாய்க்கு 84 நாள், 1,849 ரூபாய்க்கு 365 நாள் என்று வைத்தது. ஜியோ 448 ரூபாய்க்கு 84 நாள், 1,748 ரூபாய்க்கு 336 நாள். விஐ-யிலும் (வோடபோன் ஐடியா) 470-க்கு 84 நாள், 1,849-க்கு ஒரு வருஷம் என்று வந்தது. பிஎஸ்என்எல்லில் அப்போது 439 ரூபாய்க்கு 90 நாள். எல்லாவற்றிலும் இந்தியா முழுக்க எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். துபாய்க்குப் பேசுவது இதில் சேராது. விலை அடிக்கடி மாறும், போடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு என்று வகுத்தால் 469 ரூபாய்ப் பேக் ஐந்தரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், 1,849 பேக் ஐந்து ரூபாய் சொச்சம், பிஎஸ்என்எல் ஐந்துக்கும் கீழ். வித்தியாசம் ஒரு டீக்குக்கூடக் காணாது. அதனால் நான் நாள் கூலியைப் பார்க்கவில்லை, எத்தனை தடவை மறக்க வாய்ப்பிருக்கிறது என்று பார்த்தேன். 84 நாள் பேக் என்றால் வருஷத்தில் நாலைந்து தடவை. 365 நாள் பேக் என்றால் ஒரே தடவை, அதுவும் அதே தேதியில். அம்மாவுக்கு இதுதான். நான் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது போட்டுவிட்டால் அடுத்த தைப்பொங்கல் வரை கவலை இல்லை. ஜியோவின் 1,748 ரூபாய்ப் பேக் பார்வைக்குச் சல்லிசு. ஆனால் 336 நாள் என்பது பதினோரு மாதம்தான். அடுத்த தடவை மார்கழியிலேயே வந்து நிற்கும்.

அம்மாவுக்கு ஜியோ சரிவராததற்கு வேறு காரணமும் உண்டு. ஜியோவில் 2ஜி கிடையாது, 4ஜியும் 5ஜியும்தான். அம்மாவின் டார்ச் வைத்த பழைய 2ஜி போனில் அந்த சிம்மைப் போட்டால் டவர் கோடே வராது. அதற்கென்று ஜியோ பாரத் என்ற பட்டன் போன் இருக்கிறது. 2023-இல் 999 ரூபாய்க்கு வந்தது. அந்தப் போனுக்கு மட்டும் தனி ரீசார்ஜ்: 123 ரூபாய்க்கு 28 நாள், தினமும் அரை ஜிபி நெட்டும் சேர்த்து. ரூபாய்க் கணக்கில் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இது சல்லிசு. ஆனால் வேறு கம்பெனி சிம் அதில் ஓடாது, இந்தப் பேக்கில் திரும்பவும் 28 நாள் தொல்லை, அதோடு புதுப் போன். அம்மாவுக்குப் பழைய போனில் நடு பட்டனை அமுக்கி, கீழே மூன்று தடவை இறங்கினால் என் பேர் வரும். பேரை அவள் வாசிப்பதில்லை, விரல் எண்ணிக்கொள்ளும். அந்தக் கணக்கைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. புதிதாகப் போன் வாங்கப்போகிறவர்கள் என்றால் ஜியோ பாரத்தைத் தைரியமாகப் பார்க்கலாம்.

மாமாவுக்கு பிஎஸ்என்எல் 439. அப்போது 90 நாள் என்பதால் மூன்று மாதம் என்றே நினைவு வைத்துக்கொண்டார். எந்தக் கம்பெனியானாலும் எங்கள் பக்கம் ஒரு சோதனை செய்யாமல் சிம்மை மாற்றக்கூடாது. மலையடிவாரத்தில் வாசலில் எடுக்கிற டவர் அடுப்படியில் எடுக்காது. அந்தக் கம்பெனி சிம் வைத்திருக்கும் யாரையாவது வீட்டுக்குக் கூப்பிட்டு, பெரியவர் படுக்கிற கட்டில் பக்கத்தில் நின்று பேசச் சொல்லுங்கள். நாங்கள் ஒரு தடவை இதைச் செய்யாமல் மாற்றிவிட்டு, மூன்று மாதம் மாமா மொட்டை மாடியில் நின்று பேசினார்.

அத்தையின் கதை வேறு. கோட்டைவாசல் தாண்டினால் கேரளா சர்க்கிள், அதாவது போன் கம்பெனிக் கணக்கில் வேறு பகுதி. அவருக்கு நெட் வேண்டும், அதனால் பேச்சுப் பேக் உதவாது. வீட்டில் வைஃபை இருந்தால் மட்டும் யோசிக்கலாம். புனலூரில் வாங்கிய சிம் என்பதால் கம்பெனியிலிருந்து வரும் அறிவிப்பெல்லாம் மலையாளம். பேச்சு மலையாளம் அத்தைக்குத் தண்ணீர் பட்டபாடு, எழுத்துதான் வராது. தமிழ்நாட்டு சிம் வாங்கித் தரட்டுமா என்றேன். இப்போது ரோமிங் காசு பயம் இல்லை, செங்கோட்டை சிம் ஆரியங்காவில் தாராளமாக ஓடும். "இருபது வருஷ நம்பரை மாத்தச் சொல்லுதியா?" என்று ஒரே போடு போட்டார். நம்பரை மாற்றாமலே சர்க்கிள் மாற்றிக்கொள்ளும் வசதி 2015 ஜூலையிலிருந்து இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை. சரி, கேரளா பேக்கையே நான் இங்கிருந்து போடுகிறேன். ஆப்பில் சர்க்கிள் கேரளா என்று இருக்கிறதா என மட்டும் பார்த்துக்கொள்வேன்.

போஸ்ட்பெய்டு பக்கம் நான் போகவில்லை. பில், அதன் மேல் வரி, கட்டத் தவறினால் தினமும் ஒரு போன். பெரியவர்களுக்கு அந்த இம்சை எதற்கு?

கம்பெனி மாறுவது என்றால், PORT என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு உங்கள் நம்பரையும் அடித்து 1900-க்கு மெசேஜ் அனுப்பவேண்டும். இப்போதிருக்கும் கம்பெனியில் 90 நாளாவது ஆகியிருக்க வேண்டும். பதிலுக்கு மெசேஜில் வரும் ரகசியக் கோடு நாலு நாள்தான் செல்லுபடியாகும். ஆதாரோடு பெரியவரையே கடைக்குக் கூட்டிப்போக வேண்டும். மாமா மொட்டை மாடியை விட்டு பிஎஸ்என்எல்லுக்கு மாறியது இப்படித்தான். கோடு வந்த அரை மணி நேரத்தில் கடை வாசலில் நின்றார். நாலு நாள் இருக்கிறதே மாமா என்றால், "பால் வாங்குனா அன்னைக்கே காய்ச்சிரணும்லே" என்றார்.