மூன்று வருஷமாக ஒரு செடித் தொட்டி: பாசியோடு நான் பட்ட பாடு

2022 ஆடியில் திருநகர் வீட்டு ஹாலில் இரண்டடி மீன்தொட்டி வைத்தேன். 24க்கு 12க்கு 15 அங்குலம்; மணல் போக 60 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். மீன் அழகுக்காக வாங்கவில்லை, தண்ணீருக்கடியில் ஒரு தோட்டம் வேண்டும் என்றுதான் ஆசை.

கண்மாய் வண்டலான கரம்பை வயலுக்கே உரம், செடிக்கு ஆகாதா என்று ஒரு பை அள்ளிவந்து அடியில் பரப்பி, மேலே கழுவிய மணல் போட்டேன். கூடவே கண்மாயில் கிடந்த ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியையும் பிடுங்கி வந்தேன். இரண்டே வாரத்தில் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்த மாதிரி ஆனது. உள்ளே விட்டிருந்த கப்பி மீன் குஞ்சுகளும் தினமும் குறைந்தன. செடியோடு வந்த தட்டான் புழு உள்ளே உட்கார்ந்து விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது! கெட்டிப் போர்வையால் நான்கு நாள் மூடி வைத்ததில் பச்சை போனது. கரம்பை இருக்கும்வரை திரும்பித் திரும்பி வரும் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டு வெறும் மணலில் தொடங்கினேன்.

எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பின் அளவு, 900 தாண்டும். இதில் வாலிஸ்நேரியா புல் மாதிரி பரவுகிறது. அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் தாக்குப்பிடித்தன. அவற்றின் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும், கல்லில் நூலால் கட்ட வேண்டும். கிரிப்டோகோரைன் நட்ட வாரமே இலையெல்லாம் கரைந்தது. செத்துவிட்டது என்று பிடுங்கப் போனவன் சோம்பலில் விட்டேன், ஒரு மாதத்தில் வேரிலிருந்து துளிர்த்தது. சிவப்புச் செடிகளுக்கு இரண்டு முறை பணம் போட்டேன். இனி இல்லை.

அப்புறம் பாசி. வேலம்பாசி என்று நல்ல செடியையும் நாம் பாசி என்றே சொல்வதால், கடையில் கேட்கும்போதே குழப்பம். “டேங்க் கிளீனர்” என்று கொடுத்த சக்கர் மீன் பாசியைவிடச் செடியைப் பிடுங்குவதில்தான் கெட்டிக்காரன். ஒரு முழம் வளரக்கூடியது அது. கண்மாயில் விட்டால் அங்கேயே பெருகித் தொல்லை தரும் என்பதால் கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். பாசிக்கென்று ஊற்றிய லிக்விட் கார்பன் பாட்டில் இன்னும் மோசம். அதில் இருந்தது குளூட்டரால்டிஹைடு, ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்கிற சமாச்சாரம். வாலிஸ்நேரியா ஒரே வாரத்தில் கூழாகிவிட்டது.

உண்மையில் வேலை செய்தது விளக்கைக் குறைத்ததுதான். முன்பு பத்து மணி நேரம் எரியும். செடி தின்ன முடியாத வெளிச்சமும் உரமும் பாசிக்குத்தானே போகும்? மாலை நாலு முதல் பத்து வரை என்று டைமர் போட்டேன். அதிலும் ஒரு கூத்து: மாதாந்திர மின்தடை நாளில் முள் டைமரும் சேர்ந்து நின்று, அதன் நேரம் பின்தங்கிவிடும். கவனிக்காமல் விட்ட ஒரு மாதம் விளக்கு விடியற்காலை மூன்று வரை எரிந்து, இலை ஓரமெல்லாம் கறுப்புத் தாடிப் பாசி. இப்போது பேட்டரி வைத்த டைமர். தாடிப் பாசிக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 15 மில்லி. ஃபில்டரை நிறுத்திவிட்டு, சிரிஞ்சில் பாசி மேலேயே மெதுவாக விட்டு, பத்து நிமிஷம் கழித்து ஓடவிடுவேன். இரண்டு நாளில் இளஞ்சிவப்பாகிச் சாகும்.

அக்னி நட்சத்திரத்தில் தண்ணீர் 33 டிகிரிக்குப் போகும். மேலே சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் தினமும் ஒரு செம்பு தண்ணீர் ஆவியாகும். உப்பு மட்டும் உள்ளேயே தங்குமே, அந்தக் குறையைப் போர் தண்ணீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அதற்கு ஆர்ஓ தண்ணீர்தான். “குடிக்கவே பத்தல, மீனுக்கு ஆர்ஓவா?” என்று வீட்டில் கேட்காத நாள் இல்லை.

இப்போது முன் கண்ணாடியை மட்டும் வாரம் ஒருமுறை பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுகிறேன். பின் கண்ணாடிப் பச்சையை நத்தைகளுக்கு விட்டுவிட்டேன்.