ஃபார்ம் ரீசெட்: வியூ, ரியாக்ட், ஆங்குலர் எப்படி நடந்துகொள்கின்றன?

வியூ (Vue), ரியாக்ட், ஆங்குலர் மூன்றும் வலைப்பக்கங்களை உருவாக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள். இவற்றில் எழுதிய ஃபார்மில் ரீசெட் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. உலாவியின் ரீசெட்டுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: ஒவ்வொரு பெட்டியையும் எச்டிஎம்எல்லில் உள்ள தொடக்க மதிப்புக்குக் கொண்டுபோவது. அப்போது ஃபார்முக்கு 'ரீசெட்' நிகழ்வு (நடந்ததைக் கோடுக்குச் சொல்லும் அறிவிப்பு) எழும். ஆனால் பெட்டிகளுக்கு, மதிப்பு மாறியதைச் சொல்லும் 'இன்புட்', 'சேஞ்ச்' எதுவும் எழாது. திரையில் உள்ள பெட்டியையும் கோடில் உள்ள மதிப்பையும் இணைத்து வைக்கும் டேட்டா பைண்டிங்கின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அதிகம் அடிபடுவது வியூ. உரைப்பெட்டியில் வியூவின் பைண்டிங் கட்டளையான வி-மாடல் கவனிப்பது 'இன்புட்' நிகழ்வை. ரீசெட்டை அழுத்தினால் திரை காலியாகிவிடும், ஸ்டேட்டில், அதாவது கோடு வைத்திருக்கும் தரவில், பழைய எழுத்து அப்படியே இருக்கும். வேறெதற்காவது அந்தக் கம்பொனென்ட் (பக்கத்தின் அந்தப் பகுதி) மறுபடி ரெண்டர் ஆனால், அதாவது திரையில் வரையப்பட்டால், அழித்த எழுத்து திரும்பி வந்து நிற்கும். அதைவிட மோசம், ஸ்டேட்டிலிருந்து தரவை அனுப்பினால் பயனர் அழித்துவிட்டதாக நம்பிய தகவல் சர்வருக்குப் போய்விடும். இதைச் சின்னக் குறை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ரியாக்டில் கன்ட்ரோல்டு உரைப்பெட்டி (அதன் மதிப்பை ஸ்டேட்டே தீர்மானிக்கும்) என்றால் ரீசெட் பெரும்பாலும் எதையும் செய்யாது. எச்டிஎம்எல்லின் வேல்யூ பண்புக்கூற்றையும் ரியாக்ட் கூடவே புதுப்பிப்பதால், தற்போதைய எழுத்தே தொடக்க மதிப்பாகிவிடுகிறது. பிழைதான், ஆனால் சோதிக்கும்போதே கண்ணில் படும் பிழை. அந்த வகையில் வியூவைவிட மேல். அன்கன்ட்ரோல்டு பெட்டிகள் (மதிப்பை உலாவியே வைத்திருப்பவை) ஒழுங்காகவே திரும்பும். ரியாக்ட் 19-இல் ஃபார்ம் ஆக்‌ஷன் (ஃபார்மை அனுப்பும்போது ஓடும் ஃபங்ஷன்) முடிந்ததும் அவை தாமாகவே ரீசெட் ஆகின்றன. சரிபார்ப்புப் பிழையை மதிப்பாகத் திருப்பித் தந்தாலும் இதே கதிதான். தட்டச்சு செய்த அத்தனையும் போய்விடும்.

ஆங்குலர் 'ரீசெட்' நிகழ்வையே கவனிப்பதால் திரையும் மாடலும் (கோடில் உள்ள மதிப்பும்) பெரும்பாலும் பிரிவதில்லை. மூன்றில் எனக்குப் பிடித்த நடத்தை இதுதான். ஒரே கவனம்: மதிப்புகள் நல் (null, மதிப்பே இல்லாத நிலை) ஆகிவிடும். தொடக்க மதிப்பு வேண்டுமென்றால் நல் ஆக விடாத நான்-நல்லபிள் அமைப்பைக் கொடுக்க வேண்டும். இதே வகைக் கருவியான ஸ்வெல்ட் 5-உம் ரீசெட்டைக் கவனிக்கிறது.

என் தேர்வு இது. பெட்டிகள் ஒன்றையொன்று சாராத எளிய ஃபார்மை ரியாக்டில் அன்கன்ட்ரோல்டாக விட்டுவிடுவேன். சார்ந்திருந்தால் ஸ்டேட்டை வைத்துக்கொண்டு, கீ-யை (ரியாக்ட் ஒரு பகுதியை அடையாளம் காணும் குறி) மாற்றி ஃபார்மையே புதிதாக ஏற்றுவேன். வியூவில் உலாவியின் ரீசெட்டைத் தடுத்துவிட்டு, தொடக்க மதிப்புகளை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கித் தரும் ஃபங்ஷனை அழைப்பேன். ஒரே ஆப்ஜெக்டை மேலோட்டமாக நகலெடுத்தால் உள்ளே இருக்கும் அரே (பட்டியல்) பழைய தேர்வுகளோடு திரும்பி வரும்.

கோப்புப் பெட்டி மட்டும் விலக்கு. அதற்குக் காலிச் சரம் தவிர வேறு மதிப்பைத் தர உலாவி ஸ்கிரிப்டை விடாது. ஸ்டேட்டை மட்டும் மாற்றினால், பின் அதைத் தனியாகக் காலி செய்தால்தான் பழைய கோப்பின் பெயர் மறையும்.