காரைக்குடிப் பலகாரக் கூடத்தில் ஒரு வருகைப் பதிவுக் கருவி: பதினொரு மாத அனுபவம்

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் நடக்கும் பலகாரக் கூடத்துக்கு நான் கணக்குப் பார்த்து வருகிறேன். தேன்குழல், கைமுறுக்கு, மணகோலம், சீப்புச்சீடை என்று 22 பேர் வேலை செய்யும் இடம். விரல் ரேகையையும் முகத்தையும் கொண்டு வருகையைப் பதியும் கருவி ஒன்றைச் சென்ற ஆண்டு 9,500 ரூபாய்க்கு வாங்கினோம். முதல் வாரத்தில் இந்த மதிப்புரையை எழுதியிருந்தால், வாங்காதீர்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன்.

எங்கள் தொழிலில் அரை மணி நேரத் தாமதம் சட்டியில் தெரிந்துவிடும். மாவு பிசைகிறவர் எட்டு மணிக்கு வந்து, முறுக்குச் சுற்றுகிறவர் எட்டே முக்காலுக்கு வந்தால், அதுவரை காத்துக் கிடந்த மாவில் சுற்றிய முறுக்கு எண்ணெயில் சிவந்துபோகும். கடைக்காரர்கள் அதைத் தொடமாட்டார்கள். அதுநாள்வரை இருந்தது கையெழுத்து நோட்டு. அந்த நோட்டின்படி எங்கள் கூடத்தில் யாரும் எட்டு மணிக்குப் பிறகு வந்ததே கிடையாது.

கருவியை எங்கே மாட்டுவது என்பதிலேயே இரண்டு நாள் போயிற்று. பர்மாத் தேக்கு வாசல்நிலையில் திருகாணி இறக்க முதலாளி ஆச்சி சம்மதிக்கவில்லை. முட்டை வெள்ளைக்கரு கலந்த பழைய சுண்ணாம்புப் பூச்சில் துளையிடும் பேச்சையே எடுக்கக்கூடாது என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். பின்கட்டில் பிற்பாடு எழுப்பிய செங்கல் சுவர் ஒன்றில் பொருத்தினோம். செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களின் தடிமனைத் தாண்டி முகப்பிலிருக்கும் வைஃபை அங்கு எட்டவில்லை. ஆகவே கைப்பேசியிலேயே வருகையைப் பார்க்கலாம் என்று விற்றவர் சொன்ன வசதி எங்களுக்குக் கிட்டவில்லை. வாரம் ஒருமுறை பென் டிரைவில் எடுத்து வந்து கணினியில் ஏற்றுகிறேன்.

விரல் ரேகைப் பகுதியைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாள் முழுதும் அரிசி மாவிலும் எண்ணெயிலும் சோப்புத் தண்ணீரிலும் புழங்கும் கைகளில் ரேகை தேய்ந்திருக்கிறது. வயதானவர்களுக்கு இயல்பாகவே மங்கியிருக்கிறது. கருவி ‘ப்ளீஸ் ட்ரை அகெய்ன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்க, அறுபதைக் கடந்த ஓர் அம்மாள் விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் எத்தனை தடவைடி வைக்கிறது? நான் வந்திருக்கேன்னு ஒனக்குத் தெரியலையா?” என்று அதனிடமே கேட்டுவிட்டார். ஆத்தங்குடியில் பூங்கல் எனும் தரைக்கல் செய்யும் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சிமெண்டுக் காரம் ரேகையைத் தின்றுவிட்டதால் விரல் வைக்கும் கருவியை ஒரே மாதத்தில் கழற்றிவிட்டார். கையால் வேலை செய்கிறவர்கள் இருக்கும் இடத்துக்கு முகம் பார்க்கும் கருவியையே வாங்க வேண்டும். எங்கள் கருவியில் இரண்டும் இருந்ததால் தப்பித்தோம். முகம் சரியாகப் பிடிபடுகிறது. காலை வெயில் வருகிறவரின் முதுகுப்பக்கம் இருந்தால் மட்டும் தடுமாறும். ஒரு தட்டி கட்டியதும் அதுவும் தீர்ந்தது.

முதல் மாத அறிக்கையில் தாமதித்தவர்கள் வரிசையில் எங்கள் அடுப்புக்காரரின் பெயரும் இருந்தது. அவர் ஆறரைக்கே வந்து கதவைத் திறந்து, விறகு அடுக்கி, அடுப்பு மூட்டிவிட்டு, கை ஒழிந்த பிறகு எட்டரைக்குக் கருவி முன் வந்து நிற்கிறவர். மென்பொருள் எழுதிவைத்தது அவர் வந்த நேரத்தை அல்ல, முகம் காட்டிய நேரத்தை. அறிக்கையைப் பார்த்ததும் சம்பளத்தைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது.

பிடித்தம் என்றதும் சொல்லியாக வேண்டியது, மென்பொருளோடு வந்த ஆயத்த விதி. பத்து நிமிடச் சலுகைக்குப் பிறகு மூன்று முறை தாமதித்தால் அரைநாள் சம்பளத்தை அது தானாகவே வெட்டிவிடும். எங்களிடம் நாள்கூலி 480 ரூபாய், எட்டு மணி நேர வேலை. மூன்று நாளும் பதினைந்து பதினைந்து நிமிடம் தாமதித்தவர் இழந்த வேலை நேரத்தின் மதிப்பு 45 ரூபாய். மென்பொருள் வெட்டியது 240 ரூபாய். 1936ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டத்திலும், அதற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும், வேலைக்கு வராத நேரத்துக்கான பிடித்தம் அந்த நேரத்தின் விகிதத்தைத் தாண்டக்கூடாது என்றுதான் இருக்கிறது. அபராதம் என்று போட்டாலும் அந்த ஊதிய காலத்துச் சம்பளத்தில் 3 சதவீதம்தான் உச்சவரம்பு. அதற்கும் தொழிலாளியிடம் முன்கூட்டி விளக்கம் கேட்க வேண்டும், வசூலான தொகையைத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும். கருவியை வாங்குகிறவர்கள் முதலில் இந்த விதியை அணைத்துவிடுவது நல்லது. எங்களுக்கு விற்றவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆனாலும் இந்தக் கருவியை நான் கழற்றச் சொல்லாததற்குக் காரணம் இரண்டாம் மாத அறிக்கை. தாமதமாக வரும் ஐந்து பெண்களின் நேரத்தை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுப் பார்த்தபோது, ஐவரும் எட்டு நாற்பதுக்கும் எட்டு நாற்பத்தைந்துக்கும் நடுவில்தான் பதிந்திருந்தார்கள். திங்கட்கிழமை மட்டும், சந்தைக் கூட்டத்தால், ஒன்பதாகியிருந்தது. விசாரித்தால், ஐவரும் பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து கட்டணமில்லா டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். அதற்கு முந்தைய பஸ்ஸில் வந்தால் கூலியில் ஒரு பங்கு டிக்கெட்டுக்கே போய்விடும். நோட்டில் எல்லாரும் எட்டு மணி என்று எழுதிய காலத்தில் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஐவருக்கும் வேலை நேரத்தை எட்டே முக்கால் முதல் ஐந்தே முக்கால் வரை என்று மாற்றி, மாவு பிசைவதையும் இரண்டு ஈடாகப் பிரித்தோம். சிவந்த முறுக்கென்று கடைகளிலிருந்து திரும்பி வருவது அநேகமாக நின்றுவிட்டது.

குறைகள் இன்னும் இருக்கின்றன. தீபாவளி வாரத்தில் நள்ளிரவு தாண்டி வேலை முடித்துப் போனவர்களின் பதிவை, மறுநாள் காலை வருகையாக எடுத்துக்கொண்டது. ஒருமுறை நெடுநேர மின்தடையில் உள்ளிருந்த பேட்டரி தீர்ந்து, மின்சாரம் வந்தபோது தேதி 2000 ஜனவரி 1க்குப் போய்விட்டது. அன்றைய பதிவு முழுவதையும் கையால் திருத்தினேன். மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கேட்கிறார்கள். பென் டிரைவில் வரும் கோப்பை விரிதாளில் போட்டு நானே கணக்கெடுத்துக்கொள்வதால், அதைக் கட்டப்போவதில்லை. ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன். விரல் வைக்கும் பகுதி இல்லாமல் இன்னும் மலிவாகக் கிடைத்தால் நான்கு.

அடுப்புக்காரர் இப்போதும் எட்டரைக்குத்தான் முகம் காட்டுகிறார். அவருக்கு மட்டும் ஆச்சி தன் நோட்டில் ‘ஆறரை’ என்று எழுதி, மாதக் கடைசியில் நான் கணக்கெழுதும் பெட்டியடிக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள்.